பயனாளிக் கோழிகள் ஐந்நூறு

கோழியின் குடலுக்கென்று தனியாக ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. நம்பாதவர்கள் தஞ்சாவூருக்கு வந்து பார்க்கலாம். ‘மாவட்டக் கோழிக் குடல்நல மேம்பாட்டு முகமை’ என்று பெரிய பலகை, அதற்குப் பின்னால் இரண்டு மாடிக் கட்டடம், உள்ளே பதினேழு பேர். அவர்களில் எத்தனை பேர் கோழியை உயிரோடு பார்த்திருக்கிறார்கள் என்று ஒருமுறை விசாரித்தேன். அதைக் கேட்பதற்கு ஒரு படிவம் உண்டு, அது தீர்ந்துவிட்டது என்று பணிவாகப் பதில் சொன்னார்கள்.

ஷேக் பரீத் அந்தப் படி ஏறியதற்கு வேறு யாரும் காரணமில்லை. வளைகுடாவில், தம்மாமில் பதினான்கு வருஷம் ஏ.சி. ரிப்பேர் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரையை ஒட்டி ஆயிரம் பிராய்லர் கோழி பிடிக்கும் கொட்டகை ஒன்று போட்டிருந்தார். இதில் தேறிவிட்டால் ஊரில் இருக்கலாம், தேறாவிட்டால் மறுபடி விமானம். பழைய கம்பெனி சூப்பர்வைசர் மாதம் ஒருமுறை போன் செய்து, “வேலை காலியா இருக்கு, வர்றியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த போன் வந்த அன்றெல்லாம் பரீத்தின் மனைவி சபிஹா யாரோடும் பேசமாட்டாள்.

முந்தைய பேட்சில் குஞ்சுகள் ஓயாமல் கழிந்தபோது கால்நடை மருத்துவர் ஒருவர் புரோபயாடிக் பொடி எழுதிக் கொடுத்திருந்தார். தயிரில் இருப்பதைப் போன்ற நல்ல கிருமிகள் உயிரோடு அடங்கிய பொடி அது. குளிர்ந்த தண்ணீரில் கலந்து காலையில் வைத்தால், அவை குடலில் குடியேறிக் கெட்ட கிருமிகளை அண்ட விடாது, தின்ற தீவனமும் உடம்பில் ஒட்டும். பரீத் கடையில் வாங்கி வைத்துப் பார்த்தார். கழிச்சல் நின்றது, கோழி தேறியது. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதே பொடியை முகமை இலவசமாகத் தருகிறது என்று டீக்கடையில் யாரோ சொல்லிவிட்டார்கள். இலவசம் என்று கேட்டபிறகு பஸ் ஏறாத மனிதனை நான் இன்னும் பார்த்ததில்லை.

விண்ணப்பப் பிரிவில் சந்திரலேகா என்ற பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“பொடி யாருக்குங்க?”

“கோழிக்குத்தாம்மா.”

“அப்ப கோழிதான் பயனாளி. பயனாளி பேரைச் சொல்லுங்க.”

“ஆயிரம் கோழிம்மா.”

“அதனால என்ன, ஒவ்வொண்ணா சொல்லுங்க.”

பரீத் திருதிருவென்று விழித்தார். சந்திரலேகாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. “பேருக்குப் பதிலா நம்பர் போட்டா எடுத்துக்கும். ஆனா அப்பா பேரு கட்டாயம். அது இல்லாம அடுத்த பக்கம் போகாதுங்க” என்றார்.

“கோழியோட அப்பன் பேரு எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“வளக்கறது யாரு? நீங்கதானே? உங்க பேரையே போட்டுடறேன்.”

சாயங்காலம் நாலு மணிவரை தட்டினார். ஆயிரம் குஞ்சுகளுக்கும் தந்தை பெயர் ஷேக் பரீத் என்று பதிவாயிற்று. வயது ஒரு நாள் என்று கொடுத்ததும், தொழில் என்ற கட்டத்தில் கம்ப்யூட்டர் தானாகவே ‘மாணவர்’ என்று போட்டுக்கொண்டது. நகலை வீட்டில் பார்த்த சபிஹா, “நமக்கு ரெண்டு பொண்ணுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். இந்த ஆயிரத்துக்கும் அத்தா ஆனது எப்ப? அம்மா யாருன்னு கேக்கலியா?” என்றாள். அந்தக் கட்டத்தை நிரப்புவது கட்டாயமில்லை என்று பரீத் விளக்கினார்.

ஒரு வாரத்தில் கள அலுவலர் ஜெயபால் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் பொடிப் பெட்டி. அதன்மேல் ‘குளிர்ந்த, நிழலான இடத்தில் வைக்கவும்’ என்று எழுதியிருந்தது. சித்திரை வெயிலில் நாலு நாளாக ஜீப்பிலேயே இருந்த பெட்டி என்பதால் அதைத் தொட்டவுடன் பரீத் கையை உதறினார். ஜெயபால் கொட்டகையின் நடுவே கம்பி வலையால் தடுப்புக் கட்டச் சொல்லி, இரண்டு பலகைகளை மாட்டினார். இடது பக்கம் ‘பயனாளிக் கோழிகள் 500’. வலது பக்கம் ‘பயனாளி அல்லாத கோழிகள் 500’.

“பாதிக்குத்தான் பொடி. மீதிக்கு எதுவும் கெடையாது. அப்பத்தான் வித்தியாசம் தெரியும். இது விஞ்ஞானம் பாய்.”

அது நியாயமாகத்தான் பட்டது. முகமை செய்ததிலேயே நியாயமாகப் பட்ட ஒரே காரியம் என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன். பயனாளிகளுக்கென்று தனித் தண்ணீர்த் தொட்டி வந்தது. தொட்டியிலும் முகமையின் பெயர் எழுதியிருந்தது.

பிறகு ஜெயபால் ஓர் ஒப்பந்தத்தை நீட்டினார். மாநில இயக்குநர் நேரில் வந்து கோழிகளை எடை போட்டுத் திட்டத்தை நிறைவு செய்து வைப்பார், முப்பத்தெட்டாம் நாள் விழா, அதுவரை ஒரு கோழியும் வெளியே போகக் கூடாது என்று வாயாலேயே சாரம் சொன்னார். மீறினால் கொட்டகை கறுப்புப் பட்டியலில் சேரும். அப்புறம் எந்தக் கம்பெனியும் அதற்குக் குஞ்சு தராது. எப்படியும் நாற்பதாம் நாள்தானே கோழியை வண்டி ஏற்றப்போகிறோம் என்று பரீத் கையெழுத்துப் போட்டார். கீழே ஒரு வட்ட முத்திரை விழுந்தது. வளைகுடாவில் இருந்தவர்களுக்கு முத்திரை என்றால் தனிப் பயம். ஒரு முத்திரை குறைந்ததற்காக விமான நிலையத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்த மனிதர் அவர்.

வலது பக்கத்துக் கோழிகள் சபிஹாவின் மனத்தை உறுத்தின. “அதுங்க என்ன பாவம் செஞ்சுது? அடுத்த ஜாதியா?” என்று கேட்டாள். வெயில் ஏற ஏற, நன்றாக விளாவிய மோரை மண்பானையில் கொண்டுபோய் அவற்றுக்கு மட்டும் வைத்தாள். பொடிதான் கொடுக்கக் கூடாது, மோரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது அவள் கட்சி.

முப்பதாம் நாள் முன்னேற்பாடு தொடங்கியது. இயக்குநர் வருகிறார் என்றால் வழி சுத்தமாக இருக்க வேண்டும். துப்புரவு ஆட்கள் வந்து சாலையின் இருபக்கமும் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு இழுத்தார்கள். கொட்டகையைச் சுற்றி ஒரு கோடு. கோடு முடிந்தும் பவுடர் மீதி இருந்தது. திருப்பிக் கொண்டுபோனால் கேள்வி வரும் என்று, மூன்று பெரிய கை அள்ளிப் பயனாளிகளின் தண்ணீர்த் தொட்டியில் போட்டார்கள். மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள்.

பரீத் தயங்கித் தயங்கி ஜெயபாலிடம் கேட்டார். “சார், பொடியில இருக்கறது உயிருள்ள கிருமிதானே? பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொன்னுடுமே?”

ஜெயபால் அவரை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “கிருமியைக் கொல்றது அவங்க வேலை. கிருமியைக் கொடுக்கறது எங்க வேலை. ரெண்டுக்கும் தனித்தனி ஒதுக்கீடு பாய். அவங்க வேலையில நாங்க தலையிட மாட்டோம். எங்க வேலையில அவங்க தலையிட மாட்டாங்க. இப்படி ஒத்துமையா இருக்கறதாலதான் மாவட்டம் ஓடுது.”

முதல் கோடு போட்ட அன்றே கொட்டகை வாசலின் குறுக்கே இடுப்பளவு உயரத்தில் சிவப்பு ரிப்பனும் கட்டப்பட்டது. இயக்குநர் கையால்தான் அது வெட்டப்பட வேண்டும்.

“நாங்க தீவனம் வைக்க உள்ள போகணுமே சார்?”

“குனிஞ்சு போங்க. குனிஞ்சு போறதுக்கு எந்த விதியிலயும் தடை இல்லை.”

அன்றிலிருந்து பரீத்தும் சபிஹாவும் தீவன வாளியோடு குனிந்து உள்ளே போய்க் குனிந்து வெளியே வந்தார்கள். எட்டு நாள்தானே என்று இருவரும் பொறுத்துக்கொண்டார்கள்.

முப்பத்தேழாம் நாள் மாலை ஜெயபால் போன் செய்தார். கோழிக் குடல் பற்றி வெளிநாட்டில் ஏதோ மாநாடாம், இயக்குநர் போய்விட்டாராம். விழா நாற்பத்திரண்டாம் நாளுக்குத் தள்ளிப்போயிற்று.

நாற்பத்தொன்றாம் நாள் மறுபடி போன். இந்த முறை நினைவுப் பரிசு தயாராகவில்லை, தேதி பிறகு சொல்வார்களாம். குடல் வெளியே தெரிகிறமாதிரி ஒரு வெண்கலக் கோழியை சுவாமிமலையில் வார்க்கக் கொடுத்திருந்தார்கள். மெழுகில் உருவம் செய்துகொண்டிருந்த ஸ்தபதி, “கோழிக்குக் குடல் எத்தனை மடிப்பு, எந்தப் பக்கம் திரும்பணும், அதை மட்டும் சொல்லிடுங்க” என்று கேட்டு ஆளனுப்பினார். முகமையில் பதினேழு பேருக்கும் தெரியவில்லை. தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். தலைமை அலுவலகம், இதில் மாவட்ட முகமைதான் நிபுணத்துவம் பெற்றது என்று அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பியது. கடைசியில் ஸ்தபதி கறிக்கடைக்குப் போய்ப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பிராய்லர் கோழி நமக்காகக் காத்திருக்காது. அது தின்னும், பெருக்கும். நாற்பது நாளில் இரண்டே கால் கிலோ இருந்தது நாற்பத்தாறில் மூன்றைத் தொட்டது. அந்தக் கனத்தைத் தாங்கும் கால் அதற்கு இல்லை. கத்திரி வெயில் வேறு. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும், இரண்டு மணிக்குச் சாய்ந்துவிடும். பரீத் கூரைமேல் வைக்கோல் பரப்பித் தண்ணீர் ஊற்றினார். சபிஹா சாக்குகளை நனைத்து நனைத்துப் பக்கவாட்டு வலையில் தொங்கவிட்டாள். முதல் நாள் ஏழு செத்தது. அடுத்த நாள் பத்தொன்பது. செத்ததை எடுத்துக்கொண்டு பரீத் ரிப்பனுக்குக் கீழே குனிந்து குனிந்து வெளியே வந்தார்.

வியாபாரி நெய்னா முகம்மது வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். தஞ்சாவூர்க் கடைகளுக்கெல்லாம் கோழி போடுகிறவர் அவர்.

“என்ன தம்பி இது! ரெண்டு கிலோவுல கொடுத்திருந்தா கடைக்காரன் கொத்திக்கிட்டுப் போயிருப்பான். இப்ப ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி மாதிரி நிக்குது. நிக்கக்கூட இல்லை, உக்காந்திருக்கு.”

“முத்திரை போட்டிருக்காங்கண்ணே.”

“கோழிக்குத் தெரியுமா முத்திரை? இன்னும் அஞ்சு நாள் வச்சீங்கன்னா எனக்கு வண்டி வேண்டாம், குழிதான் வெட்டணும். இந்த பேட்ச் போச்சுன்னா உங்களுக்கு எவன் குஞ்சு விடுவான்?”

அன்று மாலை தம்மாமிலிருந்து போன் வந்தது. பரீத் முதல்முறையாக, “யோசிச்சுச் சொல்றேன்” என்றார். சபிஹா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் ஜெயபால் கணக்கெடுக்க வந்தார். பயனாளிகளில் நூற்று முப்பத்தொன்று செத்திருந்தது. மிஞ்சியவையும் கழிந்துகொண்டு சோர்ந்து கிடந்தன. மோர் குடித்த பயனாளி அல்லாதவற்றில் ஒன்பதுதான் போயிருந்தது. மற்றவை கனத்தையும் மீறித் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஜெயபால் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கிப் போட்டு ஏறி, இடது பலகையைக் கழற்றி வலது பக்கமும், வலது பலகையைக் கழற்றி இடது பக்கமும் மாட்டினார்.

“சார், இது…”

“ஆரம்பத்துல பலகையைத் தப்பா மாட்டிட்டோம் பாய். களத்துல இதெல்லாம் சகஜம். இப்ப பாருங்க, பொடி எவ்வளவு நல்லா வேலை செஞ்சிருக்கு! பொடி கொடுக்காததுங்க எப்படி வாடிப் போயிருக்கு பாருங்க, பரிதாபமா இருக்கு.”

உண்மையாகவே அவருக்குப் பரிதாபமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகும்போது, வைகாசி முகூர்த்தம் என்பதால் ஊரில் ஒரு ஷாமியானா கிடைக்கவில்லை, விழா ஐம்பத்தாறாம் நாள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐம்பத்தாறு என்ற எண்ணைக் கேட்டதும் பரீத் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சபிஹா வீட்டுக்குள் போய் ஒப்பந்தத்தை எடுத்துவந்தாள். பத்தாவதுவரை படித்தவள். எழுத்துக்கூட்டாமல் ஒருமுறை, நிறுத்தி நிறுத்தி ஒருமுறை வாசித்தாள்.

“என்னங்க, இங்க பாருங்க. ‘ரிப்பன் கட்டப்பட்ட முன்வாசல் வழியாக எந்தக் கோழியும் வெளியேற்றப்படலாகாது.’ அப்படித்தானே போட்டிருக்கு?”

“ஆமா.”

“பின்பக்கம் வலையைப் பத்தி ஒண்ணும் போடலியே?”

பரீத் அந்தத் தாளை வாங்கி முத்திரையைப் பார்த்தார், வரியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பதினான்கு வருஷம் முத்திரைக்கு நடுங்கிய மனிதர் முதன்முதலாக முத்திரைக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தார். பயம் ஒரு பக்கம் இருந்தது. அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

மறுநாள் விடிகிற நேரத்துக்கு, சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு, நெய்னா முகம்மதுவின் வண்டி கொட்டகையின் பின்பக்கம் வந்து நின்றது. வலையின் ஒரு பக்கத்தை அவிழ்த்தார்கள். உயிரோடிருந்த எண்ணூற்றறுபது கோழிகளும் கூண்டுக்குள் போயின. கறிக்கடைக்கு ஆகாத கனம் என்றாலும், கல்யாணச் சமையலுக்குத் துண்டு போட ஆகும் என்று நெய்னா முகம்மது ஒரு விலை சொன்னார். கடனுக்குக் குஞ்சு விட்ட கம்பெனியிடம் தலைகுனியாமல் நிற்க அது போதும். வண்டி கிளம்பியதும் பரீத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சபிஹா வலையைப் பழையபடி இழுத்துக் கட்டினாள்.

பேட்ச் போனதும் உமிப் படுக்கையை வாரி வெளியே கொட்டிக் கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பது எல்லாக் கோழிப் பண்ணையிலும் வழக்கம். அதையும் இரண்டு பேரும் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் ரிப்பனுக்குக் கீழே குனிந்துதான் போனார்கள். ரிப்பன் சேதமில்லாமல் இருந்தது. முகமை அந்த ஆறு நாளும் ஷாமியானா, மைக், பொன்னாடை, சிற்றுண்டி ஆகியவற்றில் மூழ்கியிருந்தது. கோழியை எட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ஐம்பத்தாறாம் நாள் இயக்குநர் டாக்டர் அரசப்பன் பத்து மணி விழாவுக்கு ஒன்றே முக்காலுக்கு வந்து சேர்ந்தார். நாதஸ்வரம் முழங்கியது. தட்டில் கத்தரிக்கோல் வந்தது. அவர் ரிப்பனை வெட்ட, கூட்டம் கைதட்ட, கதவு திறந்தது.

உள்ளே ஒன்றுமில்லை. வெள்ளை வெளேரென்று சுவர், ஈரம் உலர்ந்த தரை, நடுவில் வலை, இரண்டு பக்கமும் இரண்டு பலகை.

பரீத் மனத்துக்குள் துஆ ஓதத் தொடங்கினார். இயக்குநர் மெதுவாக உள்ளே நடந்தார். குனிந்து தரையை விரலால் தொட்டு மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

“ஜெயபால், நாற்றமே இல்லையே?”

“இல்லீங்கய்யா.”

“எச்சம்?”

“ஒரு சொட்டு இல்லீங்கய்யா.”

“இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கொட்டகையை நான் பார்த்ததில்லை” என்று சொல்லிவிட்டு அவர் நேராக மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார். அந்த உரையை நான் முன்வரிசையிலிருந்து கேட்டேன். முடிந்தவரை அப்படியே தருகிறேன்.

“பெரியோர்களே! நான் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கோழியின் குடலுக்காக உழைத்து வருகிறேன். இதுவரை ஒரு கோழிகூட என்னிடம் வந்து குறை சொன்னதில்லை. அதுவே எங்கள் சேவைக்குச் சான்று. மற்ற மாவட்டங்களிலும் கொட்டகைகளைத் திறந்து வைத்திருக்கிறேன். அங்கெல்லாம் ஒரே இரைச்சல், துர்நாற்றம், செருப்பில் ஒட்டும் அசுத்தம். ஆழ்ந்து சிந்தித்துப் பார்த்தால் இவை அனைத்துக்கும் காரணம் கோழிதான் என்பது விளங்கும். இங்கே பாருங்கள்! வயிற்றுப்போக்கு பூஜ்யம். இறப்பு பூஜ்யம். தீவனச் செலவு பூஜ்யம். எங்கள் துறையின் ஐந்தாண்டு இலக்கை இந்தக் கொட்டகை ஐம்பத்தாறே நாளில் எட்டியிருக்கிறது. குடல்நலம் என்பது என்ன? குடலில் நோய் இல்லாதிருப்பது. குடலே இல்லாத இடத்தில் நோய்க்கு என்ன வேலை? திட்டங்களைத் தீட்டும்போது நாங்கள் இதைக் கனவில்கூட நினைக்கவில்லை. பொதுவாகத் திட்டங்களைத் தீட்டும்போது நாங்கள் எதையும் நினைப்பதில்லை. ஆனாலும் வெற்றி வந்து சேர்கிறது!”

பலத்த கைதட்டல். எடை போடும் நிகழ்ச்சியும் உண்டு என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்ததால், வெண்கலக் கோழியைத் தராசில் வைத்தார்கள். நாலு கிலோ இருநூறு கிராம். பயனாளிக் கோழியின் சராசரி எடை என்று சந்திரலேகா அதைப் பதிவு செய்தார். பிறகு அதே கோழியைப் பரீத்தின் கையில் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். இயக்குநர் போட்டோவுக்கு நின்றபடி, “கோழியெல்லாம் எங்கே?” என்று சன்னமாகக் கேட்டார். “பயன் அடைஞ்சுடுச்சுங்கய்யா” என்றார் ஜெயபால். இயக்குநர் திருப்தியாகத் தலையாட்டினார்.

விழா முடிந்த பன்னிரண்டாம் நாள் பதிவுத் தபாலில் ஆணை வந்தது. பரீத்தின் கொட்டகை ‘நிரந்தர முன்மாதிரிக் கொட்டகை’ என்று அறிவிக்கப்படுகிறது. பிற மாவட்ட அலுவலர்கள் புதன்கிழமைதோறும் வந்து பார்வையிடுவார்கள். எட்டிய இலக்குகளைத் தக்கவைக்கும்பொருட்டு, கொட்டகையில் கோழி எதுவும் அனுமதிக்கப்படலாகாது. கீழே இரண்டு முத்திரைகள்.

பரீத் அதை வாசித்து முடித்தபோது குஞ்சுக் கம்பெனி வண்டி வாசலில் வந்து நின்றது. ஆயிரம் குஞ்சுகள் பெட்டிக்குள் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன.

“எறக்கவா, வேண்டாமா?” என்று டிரைவர் கேட்டார்.

பரீத் ஆணையை நீட்டினார். “ரெண்டு முத்திரை சபிஹா. இந்தத் தடவை பின்பக்கம் முன்பக்கம்னு ஒண்ணும் சொல்ல வழியில்லை. கோழியே கூடாதாம். நான் போன் போட்டு வர்றேன்னு சொல்லிடறேன்.”

“எங்க வர்றேன்னு?”

“தம்மாமுக்கு.”

சபிஹா ஆணையைக் கையில்கூட வாங்கவில்லை. “ஆயிரம் கோழி உள்ள இருந்தப்ப ஒரு அதிகாரியும் கோழியைப் பாக்கலை. நூத்தி நாப்பது செத்தப்பவும் பாக்கலை. இப்ப மட்டும் பாத்துடுவாங்களாக்கும்! நீங்க எறக்குங்கண்ணே” என்று டிரைவரிடம் சொன்னாள்.

இந்த முறை பரீத் கடையில் காசு கொடுத்துப் பொடி வாங்கினார். ஆழ்துளைக் கிணற்றின் சுத்தமான தண்ணீரில் கலந்து விடியற்காலையில் எல்லாக் குஞ்சுகளுக்கும் வைத்தார். மத்தியானம் சபிஹாவின் மோர். ஒரு குஞ்சுகூடக் கழியவில்லை.

புதன்கிழமை ஜெயபால் வேறு மாவட்டத்து அலுவலர்கள் நாலு பேரோடு வந்தார். கதவைத் திறந்தார். ஆயிரம் குஞ்சுகள் அவரைத் திரும்பிப் பார்த்தன. ஜெயபால் மனத்துக்குள் கணக்குப் போட்டார். உள்ளே கோழி இருக்கிறது என்று எழுதினால் ஆணையை மீறியது யார் என்ற கேள்வி வரும். அதற்கு விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் எழுதினால் ஐம்பத்தாறாம் நாள் கோழிகள் எங்கே போயின என்ற கேள்வி வரும். பலகை எப்போது மாறியது என்பதும் வரும். அவர் பதிவேட்டைத் திறந்து, ‘கோழிகள்: இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். கூட வந்த நாலு பேரும் குஞ்சுகள் காலில் மிதிபடாமல் ஜாக்கிரதையாக நடந்து சுற்றிப் பார்த்துவிட்டு, ‘கொட்டகை மிக அமைதியாக உள்ளது’ என்று குறிப்பெழுதிப் போனார்கள். அடுத்த புதனும் அப்படியே, அதற்கடுத்த புதனும் அப்படியே. அரசாங்கத்தின் கணக்கில் இல்லாத கோழிகளுக்கு யாரும் பலகை மாட்டவில்லை, பிளீச்சிங் பவுடர் போடவில்லை, விழாத் தேதி குறிக்கவில்லை. நான் பார்த்த வரையில் அந்த வட்டாரத்தில் அவ்வளவு ஆரோக்கியமாக எந்தக் கோழியும் வளர்ந்ததில்லை.

சரியாக நாற்பதாம் நாள் காலை நெய்னா முகம்மதுவின் வண்டி வந்து முன்வாசலிலேயே நின்றது. இரண்டு கிலோ, இரண்டேகால் என்று அளவெடுத்தாற்போன்ற கோழிகள். பரீத் கூண்டு கூண்டாகத் தூக்கிக் கொடுக்க, சபிஹா தராசுக்குப் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். பாதி ஏறியிருந்தபோது ஜீப் வந்தது. ஜெயபால் மட்டும் இறங்கினார். பரீத் தூக்கிய கூண்டைக் கீழே வைத்தார்.

ஜெயபால் வண்டியைப் பார்க்கவில்லை, கூண்டையும் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே சபிஹாவின் பக்கம் நகர்ந்து வந்தார். குரலைத் தாழ்த்தி, “நாளைக்கு வீட்டுக்குச் சம்பந்தி வர்றாங்கம்மா. நல்லதா ஒரு ரெண்டு கோழி… தெரிஞ்ச எடம்னுதான் இங்க வந்தேன்” என்றார்.

சபிஹா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கொடுக்கலாம் சார். ஆனா இல்லாத கோழியை எப்படித் தராசுல வைக்கிறது?”